பல் செட்டும் ட்ரம்பெட்டும்

ஜாஸ் என்றதும் நமக்கு லூயி ஆம்ஸ்ட்ராங். கையில் கர்ச்சீஃப், கன்னம் உப்ப ட்ரம்பெட். வாஸ்தவம்தான். ஆனால் மனுஷர் 1922-லேயே, கிங் ஆலிவர் கூப்பிட்டார் என்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார். எனக்கு ரயிலேறாதவர்கள் மேல்தான் ஒரு தனிப் பிரியம். பகலில் கூலி வேலை, ராத்திரி வாசிப்பு என்று அந்தப் பக்கத்திலேயே கிடந்த ஆசாமிகள்.

பங்க் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் ரெய்ன் என்ற சின்ன ஊரில் கச்சேரி நடக்கும்போதே ஒருவன் மேடையேறி பேண்ட் தலைவரைக் குத்திக் கொன்றான். வாத்தியங்களும் துவம்சம். பங்க்குக்கு ட்ரம்பெட் போச்சு. அப்புறம் பல்லும் போச்சு. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். ட்ரம்பெட்காரனுக்கு சோறே போச்சு! உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கப் பல் வேண்டாமா? பேசாமல் நியூ ஐபீரியாவில் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

1930-களின் கடைசியில் ஜாஸ் சரித்திரம் எழுதக் கிளம்பிய சிலர் அவரைத் தேடிப் பிடித்தார்கள். காசு வசூலித்து ஒரு ட்ரம்பெட், ஒரு பல் செட். பல் கட்டிய டாக்டர் யார் தெரியுமோ? கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் லெனார்ட்! 1942-ல் பங்க் முதல் ரெக்கார்டு கொடுத்தார். பிறந்தது 1879 என்று வேறு சொல்லிக்கொண்டார். ஆதிகால ஜாஸ்காரர்களோடு வாசித்ததாகச் சொல்ல வேண்டுமே! பத்து வருஷம் கூட்டிவிட்டார் என்று ஆராய்ச்சியாளர்களுக்கு சந்தேகம். நம்மாட்கள் சர்ட்டிபிகேட்டில் குறைப்பார்கள், இவர் ஏற்றியிருக்கிறார்.

அவரோடு கிளாரினெட் வாசித்த ஜார்ஜ் லூயிஸ், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1944-ல் பாரம் நெஞ்சில் இடித்துப் படுத்த படுக்கை. பார்க்க வந்த சிநேகிதர்கள் ஹார்லிக்ஸ், ஆரஞ்சு எல்லாம் வாங்கி வரவில்லை. ஒருவர் பாஞ்சோவையும் இன்னொருவர் ஆளுயர பாஸையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டிலேயே பதிவானதுதான் 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்'. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் கேட்டுப் பாருங்கள். ஒப்பாரி மாதிரி ஆரம்பிக்கும். ஆனால் அழ விடாது.

இந்தக் கிழவர்களுக்காகவே 1961-ல் செயின்ட் பீட்டர் தெருவில் ஒரு கூடம் திறந்தார்கள். பிரிசர்வேஷன் ஹால். மது கிடையாது, சோபா கிடையாது, பெஞ்சில் இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அங்கே பியானோ வாசித்த ஸ்வீட் எம்மா பாட்டி காலில் சலங்கை மாதிரி மணி கட்டிக்கொள்வாள். 1967-ல் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. சரி, வலது கை இருக்கே! அதை வைத்துக்கொண்டு 1983-ல் கண்ணை மூடும் வரை வாசித்தாள். எனக்கு லேசாகத் தலைவலித்தாலே லீவ் லெட்டர் எழுதக் கை தானாகப் போகும்.

2005 ஆகஸ்டில் காத்ரீனா புயல். கரைகள் உடைந்து ஊரில் எண்பது சதவிகிதம் தண்ணீர். ஃபேட்ஸ் டாமினோ செத்தே போனார் என்று நினைத்து அவர் வீட்டுச் சுவரில் யாரோ அஞ்சலி எழுதிவிட்டார்கள். மனுஷர் உயிரோடு மீட்கப்பட்டார். 2017 வரை இருந்தார்.

வீடிழந்த வாத்தியக்காரர்களை ஊருக்குத் திரும்ப வரவழைக்க, பிரான்ஃபர்ட் மார்சாலிஸும் ஹாரி கானிக் ஜூனியரும் முன்னால் நின்று 72 வீடுகளோடு ஒரு குடியிருப்பு எழுப்ப வைத்தார்கள். ஆனால் வீட்டுக் கடன் என்றால் நிலையான வருமானம் காட்ட வேண்டுமே! ராத்திரி ராத்திரி உண்டியலில் விழும் டாலருக்கு பே ஸ்லிப் யார் கொடுப்பார்கள்?