ஏற்காடு ரோடு திறந்திருக்கா? போனுக்கே படிக்கத் தெரியாத அரசு அறிவிப்புகள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை சேர்வராயன் மலையைப் புரட்டி எடுத்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நாளில் மலையில் இருப்பவருக்கும் சேலத்தில் இருப்பவருக்கும் தேவைப்படுவது ஒரே பதில்தான்: 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை திறந்திருக்கா, இல்லை குப்பனூர் வழியாகச் சுத்தணுமா?

அந்தப் பதில், முத்திரை குத்திய காகிதத்தை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஆக இணையதளத்தில் ஏறினால்? கண் தெரிந்தவர் விரலால் பெரிதாக்கிப் படித்துவிடுவார். பார்வையற்றவரின் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற செயலிக்கு அது வெறும் படம். படிக்க அதில் எழுத்தே இல்லை. இத்தனைக்கும் அந்த உத்தரவு முதலில் கம்ப்யூட்டரில் டைப் செய்யப்பட்டதுதான். டைப் செய்து, அச்சடித்து, கையெழுத்து வாங்கி, மறுபடி படமாக்கும் கூத்து இது.

வலைத் தரங்கள் என்பவை கேட்பது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. தலைப்பைத் தலைப்பு என்று குறி, படத்துக்கு ஒரு வரி விளக்கம் கொடு, பக்கம் எந்த மொழி என்று சொல். அவ்ளோதான். மொழிக் குறிப்பு தமிழ்ப் பக்கத்தில் 'ஆங்கிலம்' என்று கிடந்தால், வாசிப்புச் செயலி ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் போய்த் திணறும், அல்லது வரிகளைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் நிரலில் பிழை என்றாலே பதற வேண்டியதில்லை. பிரவுசர்கள் ரொம்பப் பெருந்தன்மையானவை. மூட மறந்த குறியைத் தாமே மூடிக்கொண்டு பக்கத்தைக் காட்டிவிடும். உடைந்த நிரலை எப்படிச் சரிசெய்து வாசிப்பது என்பதை, 2014இல் தரமாக ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல்.5 விலாவாரியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் 2023 அக்டோபரில் வந்த அணுகல்தன்மை வழிகாட்டி 2.2, இந்த வகைப் பிழைகளுக்கான தனி விதியையே நீக்கியது. பிரவுசரால் ஊகிக்க முடியாத பிழைகள்தான் ஆபத்து: விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவக் கட்டம், தப்பான மொழி. கண்ணுக்குப் பக்கம் பளிச்சென்று தெரிவதால், பதிவேற்றியவருக்கு இதில் எதுவும் தெரியவே தெரியாது.

யார் மேல் தப்பு? அலுவலக ஊழியர் மேல் போடுவது சுலபம், நியாயமில்லை. சேலம் மாவட்டத் தளம் தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் தளத்தில் இயங்குகிறது. நாட்டின் ஏராளமான மாவட்டத் தளங்களும் அதில்தான். வார்ப்புரு மேலிருந்து வரும்; ஊழியருக்குக் கிடைப்பது ஒரு பெட்டியும் பதிவேற்றப் பொத்தானும். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமும் உண்டு. பாதுகாப்பு ஒன்று. அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது: அலுவலகத்துக்கு ஒரு எழுத்துரு, ஒன்றில் அடித்தது இன்னொன்றில் ஜிலேபி. அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான்.

ஆக, பூட்டைக் கழற்றச் சொல்வது தீர்வல்ல. பூட்டு சரியான இடத்தில் இருக்க வேண்டும். நிரலைத் தொட விடாத அமைப்பு, விளக்கம் இல்லாத படத்தையும் தொட விடக்கூடாது. ஸ்கேன் செய்த கோப்பு ஏறும்போது, 'இதன் சாரத்தை நாலு வரியில் தமிழில் டைப் செய்க' என்று மடக்க வேண்டும். எந்த வளைவு, எத்தனை மணி வரை, மாற்று வழி எது, யாரைக் கூப்பிடுவது. டைப் செய்ய ரெண்டு நிமிஷம். வார்ப்புருவில் ஒரு பிழை இருந்தால் அது எல்லா மாவட்டத்திலும் பரவும் என்பது உண்மை. ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா மாவட்டத்திலும் சரியாகும் என்பதும் அதே அளவு உண்மை.

அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி 2009லிருந்து இருக்கிறது. மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொல்லிவிட்டது. எஸ்3வாஸின் மூன்று 'எஸ்'களில் ஒன்று 'சுகம்ய', அதாவது எல்லோரும் எளிதில் அணுகக்கூடியது. அது வார்ப்புருவோடு நிற்காமல், அதில் ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் பொருந்தும்படி அமைப்பை மாற்ற வேண்டியது தேசிய தகவலியல் மையம்.