“இன்னும் ஒன்று மட்டும்!” – வீடியோ கேமும் நமது பிள்ளைகளும்

வீடியோ கேம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது துப்பாக்கிச் சண்டையும் இரத்தமும்தான். ஆனால் வைத்தியர்களாகிய நம்மிடம் பெற்றோர் கொண்டுவரும் முறைப்பாடு பல வேளைகளில் வேறுவிதமானது. “சண்டை கூடப் பிடிக்கிறானில்லை டொக்டர். காளான் பொறுக்கிறான், சமைக்கிறான், குதிரை பிடிக்கிறான். இரவு ஒரு மணியாகியும் நிற்பாட்டுகிறானில்லை” என்கிறார்கள். இதில் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்குக் கவலைப்படத் தேவையில்லை என்பதை இங்கே பார்ப்போம்.

2017இல் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஒஃப் செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் லிங்க் நூறு வருட நித்திரையிலிருந்து எழும்புகிறான். இளவரசி செல்டா அரண்மனையில் அந்த நூறு வருடமும் கனோன் என்ற தீய சக்தியைத் தனியாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறாள். அவளுக்கு உதவுவதுதான் பிரதான பணி. ஆரம்பப் பகுதியை முடித்த உடனேயே, விரும்பினால் நேரே அரண்மனைக்குப் போய்விடலாம். ஆனால் அநேகமாக எவரும் அப்படிப் போவதில்லை. வழியெங்கும் ஊர்மக்கள் கேட்கும் உதவிகள், தேடிக் கண்டுபிடிக்க 120 சிறு ஆலயங்கள், ஒளித்துவைக்கப்பட்ட 900 ‘கொரோக்’ விதைகள் என்று வேறு வேலைகள் காத்திருக்கின்றன. பிள்ளைகள் இத்தகைய வேலைகளை ‘சைட் குவெஸ்ட்’ என்பார்கள். நாம் கிளைப்பணி என்று சொல்லலாம். அந்த 900 விதைகளையும் சேர்த்து முடித்தவருக்குக் கடைசியில் கிடைப்பது சாணிக் குவியல் போன்ற பொன்னிறப் பொருள் ஒன்று. அதனால் பெரிய பயன் எதுவுமில்லை. எத்தனை நாள் அலைந்தாலும் இளவரசி காத்துக்கொண்டே இருப்பாள். பிந்தியதற்கு விளையாட்டில் தண்டனை கிடையாது.

பிள்ளைகள் ஏன் இதில் மூழ்குகிறார்கள்? கிளைப்பணி சிறியது, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவானது, முடித்த உடனேயே பலன் கிடைக்கிறது. படிப்பில் அப்படியில்லை. இன்று படித்ததன் பலன் பல மாதங்களுக்குப் பின் பரீட்சையில்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. மரியா ஓவ்சியாங்கினா என்ற உளவியலாளர் 1928இல் வெளியிட்ட ஆய்வில், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை எவரும் சொல்லாமலே மனிதர்கள் மீண்டும் எடுத்துச் செய்ய முற்படுவதைக் காட்டினார். விளையாட்டில் ஒரு பணி முடியுமுன் இன்னும் இரண்டு பணிகள் கண்ணில் படுகின்றன. ஆகவே எப்போதும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கிறது. “இன்னும் ஒன்று மட்டும் அம்மா” என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. அந்த ஒன்று முடியும்போது அடுத்தது வந்துவிடுகிறது.

இப்படி அலைவது நோயல்ல என்பதே நமது கருத்து. விளையாட்டு என்பதே பயன் பாராமல் அலைவதுதான். நாடுவிட்டு வந்த நமக்கு அலைவதற்கு நேரம் இருக்கவில்லை. விசா, வேலை, ஊருக்குப் பணம், பிள்ளைகளின் படிப்பு என்று ஒரே பாதையில் ஓடினோம். அதனால் பயனில்லாத எதைக் கண்டாலும் நமக்குப் பதறுகிறது. ஆனால் நமது பிள்ளைகளின் பிரதான பாதையையும் பல வீடுகளில் நாமே போட்டுக் கொடுத்திருக்கிறோம். பாடசாலை, ரியூசன், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, சங்கீதம், மிருதங்கம். எங்கே போவது, எதை முதலில் செய்வது என்று பிள்ளை தானாகத் தீர்மானிக்கும் ஒரே நேரம் அந்த விளையாட்டு நேரமாக இருக்கலாம்.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள்: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டுக்கு முதலிடம், பாதிப்பு தெரிந்த பின்னரும் தொடர்வது. இவை வழமையாக 12 மாத காலமாவது நீடித்திருக்க வேண்டும். விளையாடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் இதற்குள் அடங்கமாட்டார்கள்.

ஆனால் நித்திரைக்குப் பன்னிரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டாம். 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு 8 தொடக்கம் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதினருக்கு 9 தொடக்கம் 12 மணி நேரமும் நித்திரை தேவை. அது குறைந்தால் உடனே தலையிடுங்கள். அதுபோல, அளவோடு விளையாடிய பிள்ளை திடீரென்று அதிலேயே கிடந்தால், “எத்தனை மணி நேரம்?” என்று கேட்பதோடு நிற்காமல், எதிலிருந்து ஒதுங்குகிறது என்று பாருங்கள். பரீட்சைப் பயம், பாடசாலையில் சீண்டல், மனச்சோர்வு, வீட்டில் சண்டை என்று எதுவும் பின்னால் இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

• விளையாட்டின் வகையை அறிந்துகொள்ளுங்கள். செல்டா போன்று தனியாக ஆடுவதை எப்போதும் இடைநிறுத்தலாம். நின்டென்டோ சுவிட்சின் மின்பொத்தானை ஒருமுறை அமுக்கினால் அதே இடத்தில் நிற்கும், பிறகு அதே இடத்தில் தொடரலாம். இணையத்தில் பலரோடு ஆடும் ஃபோர்ட்நைட் போன்றவற்றை இடையில் நிறுத்த முடியாது. அங்கே அடுத்த ஆட்டம் தொடங்குமுன் சொல்லுங்கள்.

• தொடங்குமுன்னரே “எந்தப் பணியோடு இன்று நிற்பாட்டுவாய்?” என்று கேளுங்கள். முடிவைப் பிள்ளையே சொல்லட்டும். சொன்னதை நிறைவேற்ற வையுங்கள்.

• இரவில் கருவி படுக்கையறையில் இருக்க வேண்டாம்.

• 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடற்பயிற்சி தேவை. அந்த நேரத்தை விளையாட்டு விழுங்க விடாதீர்கள்.

• பக்கத்தில் இருந்து கதையைக் கேளுங்கள். முடிந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளை, தமிழ் வகுப்பில் கிடைக்காத சொற்களைத் தேடவேண்டி வரும்.

இவ்வளவும் செய்தும் நித்திரை, பாடசாலை, சாப்பாடு, நண்பர்கள் என்று எல்லாம் குலைந்துபோனால் வெட்கப்படாமல் குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். “இவனைத் திருத்துங்கள்” என்று பிள்ளைக்கு முன்னால் தொடங்காமல், முதலில் அதைக் கதைக்க விடுங்கள். கருவியைப் பறித்து ஒளித்துவைப்பதால் விளையாட்டு நிற்கலாம். பிள்ளை எதிலிருந்து ஒதுங்கியதோ அது அப்படியே இருக்கும்.