சங்கத்து டிராக்டருக்கு எந்தச் சக்கரம்?

ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வரை நம் சங்கச் செயலாளர்களுக்கு உறக்கம் வராது. அது நல்ல வழக்கமே. ஆனால் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு பொருளைப் பற்றி, அதன் அளவு சரியானதுதானா என்ற கேள்வி நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுவதேயில்லை. டிராக்டருக்கும் அது இழுக்கும் டிரெய்லருக்கும் வாங்கும் டயரைத்தான் சொல்கிறேன். கணக்கைப் பார்க்க வந்தவன் சக்கரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் நினைக்கக்கூடும். எழுதவேண்டிய கடன் எனக்கு உண்டு. அதைப் பின்னே சொல்கிறேன்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு டிரெய்லர் ஒரே நாளில் மூன்று வகையான தரையில் ஓடவேண்டியிருக்கிறது. மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் போகும் சரிவான கல்பாதை ஒன்று. கிழக்கே சாத்தூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் கரிசல் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே, மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை மூன்றாவது. ஏற்றும் சரக்கும் ஒன்றல்ல. பருத்தி, நெல், தேங்காய், மாங்காய், உரமூட்டை என நாளுக்கொன்று. சத்திரப்பட்டிப் பக்கத்துப் பேண்டேஜ் துணிக் கட்டுகளும், தறிகாரர்களுக்கு வேண்டிய நூல் பேல்களும் சில வேளை இதே வண்டியில் ஏறுகின்றன. பல்நோக்குச் சேவை மையம் என்ற திட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னர், இவ்விஷயம் தனி விவசாயி ஒருவரின் விருப்பமாக இருந்த நிலை மாறி, எல்லா அங்கத்தினருடைய பணத்தையும் பற்றியதாகிவிட்டது.

மலையடிவாரத்தில் ஒரு சங்கம். பெயர் வேண்டாம். அதன் டிராக்டரின் பின்சக்கரத்துக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருந்த டயர் 13.6-28. அது தேய்ந்தபோது, பெரிய டயர் போட்டால் வண்டி உயர்ந்து நிற்கும், இழுவை கூடும், வேகமும் கூடும் என்று சொல்லி 16.9-28 அளவை மாட்டினார்கள். வவுச்சர் இருந்தது, குழுத் தீர்மானம் இருந்தது, மூன்று விலைப்புள்ளிகளும் இருந்தன. எல்லாம் ஒழுங்கு என்று கண்டு நான் கையொப்பமிட்டேன். அளவு ஏன் மாறியது என்று கேட்கவில்லை. அடுத்த மாங்காய்ப் பருவத்தில், நிறைந்த டிரெய்லருடன் தோப்பிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி மடக்கிவிட்டது. ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. இன்றும் அவர் ஊன்றுகோலுடன்தான் நடக்கிறார். டயர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. டிரெய்லரில் பிரேக் இல்லை, பாரமும் அதிகம். ஆனால் அந்தக் கையொப்பம் என்னுடையது. அன்று கேட்காத கேள்வியை இன்றாவது கேட்பது என் கடமை.

டயரின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணில் மறைபொருள் எதுவுமில்லை. 13.6 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 28 என்பது அது உட்காரும் இரும்பு வளையத்தின், அதாவது ரிம்மின், குறுக்களவு. ரிம் மாறவில்லையே, அகலம்தானே கூடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அங்கேதான் பிழை. அகலம் கூடும்போது உயரமும் கூடுகிறது. 13.6-28 டயரின் முழுக் குறுக்களவு ஏறத்தாழ 1,310 மில்லிமீட்டர், 16.9-28 டயருக்கோ ஏறத்தாழ 1,430. நூற்றுக்கு ஒன்பது பங்கு உயர்வு. மேலும் குறுகிய டயருக்கென்று அமைந்த ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால், அதன் பக்கச் சுவர்கள் பிதுங்கி, நடுப்பகுதி மட்டும் விரைவில் தேயும்.

இந்த ஒன்பது பங்கின் விளைவுகளைப் பாருங்கள். எஞ்சினும் பல்சக்கரங்களும் பழையவையே. ஆகையால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி முன்னைவிட அதிக தூரம் போகிறது. முன்பு மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடிய அதே கியரில் இப்போது 33 ஓடுகிறது. இதைத்தான் வேகம் கூடியது என்று மகிழ்கிறோம். ஆனால் தரையை உந்தும் பலம் அதே அளவு குறைந்துவிடுகிறது. நீண்ட நெம்புகோலை அச்சருகே பிடித்துக்கொண்டு அதன் நுனியால் தள்ளுவது போன்ற நிலை அது. இழுவை கூடும் என்று வாங்கிய டயர் இழுவையைக் குறைக்கிறது. பிரேக்கின் கதையும் இதுவே. பிரேக் பிடிக்கும் பலம் மாறவில்லை. அது தரையில் பயன்படுவது ஏறத்தாழ எட்டு பங்கு குறைகிறது. வேகமோ ஒன்பது பங்கு கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே கியரில் அதே அழுத்தத்துடன் பிரேக்கை மிதித்தாலும் வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ 30 பங்கு நீளும். பத்து அடியில் நின்றது பதின்மூன்று அடியில் நிற்கும். வளைவில் அந்த மூன்று அடிதான் உயிர். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டராயின் இன்னொரு கேடும் உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு விகிதத்துக்கு அமைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் உள்ளேயிருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

பெரிய சக்கரம் மேடுபள்ளத்தை எளிதில் தாண்டும் என்பது பெரியோர் அனுபவத்தில் கண்ட உண்மை. நம் பாட்டன்மாரின் கட்டை வண்டிச் சக்கரம் ஆள் நெஞ்சளவு உயரம் இருந்ததற்கு அதுவே காரணம். ஆனால் 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் சமைத்து, பிறகு 1930-களில் அது நம் நாட்டு மாட்டு வண்டிக்கும் வந்தபோது என்ன நேர்ந்தது? சக்கரத்தின் உயரம் குறைந்தது. ஆனால் அதே இணை மாடு முன்னைவிட அதிகப் பாரத்தை இழுத்தது. குறுகிய இரும்புப் பட்டை மண்ணை வெட்டிக்கொண்டு போயிற்று. காற்றடைத்த டயர் மண்மீது பரவி உருண்டது. உயரம் ஒன்றே சக்கரத்தின் சிறப்பன்று என்பதை டயர் வண்டி ஓட்டிய ஒவ்வொரு விவசாயியும் அறிவார். டிராக்டர் வந்ததும் அதை மறந்துவிட்டோம்.

அடுத்து, டிரெய்லர் டிராக்டரின்மேல் ஏற்றும் பாரத்தைக் கவனிக்கவேண்டும். இரு சக்கர டிரெய்லரின் பாரம் முழுவதும் அதன் சக்கரங்களின்மேல் நிற்பதில்லை; ஒரு பகுதி கொக்கியின்மேல் அமர்கிறது. டிரெய்லரும் சரக்குமாக 4,000 கிலோ என்றும், அதில் 500 கிலோ கொக்கியின்மேல் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டிராக்டரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு முக்கால் மீட்டர் பின்னால் இருக்கிறது. அப்போது பின் அச்சில் கூடும் பாரம் 500 கிலோ அல்ல, ஏறத்தாழ 690 கிலோ. மிகுதி 190 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து வந்தது. முன்சக்கரம் அந்த அளவுக்கு இலேசாகிறது. ஸ்டீரிங் சொன்னபடி கேட்பதில்லை. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்குவதைக் கண்டு பயந்தவர்கள் பலர். அதன் கணக்கு இதுதான். பின்சக்கரத்தை மட்டும் உயர்த்தினால் கொக்கியும் உயர்ந்து, டிரெய்லர் நிற்கும் சாய்வே மாறிவிடுகிறது.

மீதி 3,500 கிலோ டிரெய்லரின் இரு டயர்களின்மேல் நிற்கிறது, ஆளுக்கு 1,750. பாதை ஒருபுறம் சாய்ந்தால் ஒரு டயர் அதைவிட அதிகம் தாங்கவேண்டும். ஆகவே நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு கூட்டி, 2,000 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் டயரே வேண்டும். இதைக் கண்டறிய வழியுண்டு. புதிய டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் பார எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 121 என்றால் 1,450 கிலோ; 127 என்றால் 1,750; 132 என்றால் 2,000. அதையடுத்து வரும் எழுத்து, அந்தப் பாரத்தோடு எந்த வேகம் வரை ஓடலாம் என்பதைக் காட்டும். இவை குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் மட்டுமே செல்லும். காற்றுக் குறைந்த டயர் எவ்வளவு பெரிதானாலும் எழுதிய பாரத்தைத் தாங்காது.

எந்தப் பாரத்துக்குக் கணக்கிடுவது என்பதிலும் ஏமாற்றம் உண்டு. பருத்தியை ஏற்றினால் டிரெய்லர் கோபுரம்போல் நிறைந்து பயமுறுத்தும், எடையோ குறைவு. தேங்காயும் நெல்லும் உரமும் பார்வைக்கு அடக்கமாயிருந்து அச்சை முறிக்கும். கண்ணளவு பயன்படாது. பருவத்தின் மிகக் கனமான சரக்கை ஏற்றி, ஒருமுறை எடைமேடையில் நிறுத்தி, டிரெய்லரின் எடையைத் தனியாகவும் கொக்கி பூட்டிய நிலையிலும் எடுத்துவைத்தால், அந்தச் சீட்டு ஒன்று பத்து வியாபாரிகளின் யோசனைக்கு மேலானது.

கரிசலில் சக்கரம் புதைகிறதே, அகன்ற டயர் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உழவுக்கு மட்டுமே உள்ள டிராக்டராயின் அகன்ற டயர் நல்லது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவாகவும், அதற்குரிய ரிம்மோடும் இருக்கவேண்டும். ஆனால் சங்கத்து டிராக்டர் பாதி நாள் வயலிலும் பாதி நாள் சாலையிலும் உழைப்பது. அதற்கு என் கருத்து இதுவே: தயாரிப்பாளர் கொடுத்த அளவை விட்டு விலகவேண்டாம். வயலில் பிடிப்பு வேண்டுமானால் டயருக்குள் முக்கால் பங்கு வரை தண்ணீர் நிரப்பும் பழைய முறை இருக்கிறது. இரும்பு எடைகள் இருக்கின்றன. வயலுக்கும் சாலைக்கும் காற்றழுத்தத்தை மாற்றிக்கொள்ளலாம். இவற்றின் செலவு ஒரு ஜோடி பெரிய டயரின் விலைக்கு அருகிலும் வாராது.

சட்டத்தையும் மறக்கலாகாது. டயரின் அளவு பதிவுச் சான்றில் ஏறும் விவரங்களுள் ஒன்று. பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வழக்கெழும். அந்த நஷ்டத்தைச் சுமப்பது டயர் விற்றவர் அல்லர், சங்கத்தின் அங்கத்தினர்களே.

பெரிய டயருக்குச் செலவழிக்க எண்ணும் பணத்தை டிரெய்லரின் பிரேக்குக்குச் செலவழியுங்கள் என்பதே நான் முடிவாகச் சொல்ல விரும்புவது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைக் காணாதவர் நம்மில் இல்லை. வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுவோர் சிலரே. அவர்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் தேர் வீதி திரும்புவதும் நிலைக்கு வருவதும் அவர்கள் கையில் இருக்கிறது. நம் டிரெய்லர்களுக்கு வடம் பிடிக்க எஞ்சின் இருக்கிறது. முட்டுக்கட்டை போடத்தான் ஆளில்லை.

அடுத்த மகாசபைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் மூன்று காகிதங்களைக் கோப்பில் சேர்க்கவேண்டும்: எடைமேடைச் சீட்டு, தயாரிப்பாளரின் டயர் அளவுக் குறிப்பு, டிரெய்லர் பிரேக்கைப் பார்த்த மெக்கானிக்கின் சான்று. இம்மூன்றும் இல்லாத டயர் வவுச்சரில் இனி நான் கையொப்பமிடப் போவதில்லை. என்னைக் கடுமையானவன் என்று சொல்வோர் சொல்லட்டும். முதல் தடவை நான் கடுமையாக இருந்திருந்தால் ஒரு மனிதர் இன்று ஊன்றுகோலின்றி நடந்திருக்கக்கூடும்.