பழைய கேமராவும் புதிய சட்டமும்

கேரள எல்லையோரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை தொடங்கி மூணாறு, மறையூர், பீர்மேடு வரை வாழும் தமிழர்களில் புகைப்படத் தொழிலை நம்பியிருப்போரும் உண்டு. திருமண வீடுகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் படமெடுத்துப் பிழைப்போருக்குப் புதிய கேமராவின் விலை எட்டாக்கனி. எனவே, இணையவழியில் விற்கப்படும் பழைய கேமராக்களையும் லென்ஸுகளையும் நாட வேண்டியிருக்கிறது. பொருள் கைக்கு வந்த பிறகே லென்ஸுக்குள் படர்ந்த பூஞ்சையும், தேய்ந்துபோன ஷட்டரும் தெரியவருகின்றன. பணத்தைத் திருப்பிக் கேட்டால், பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வருகிறது.

விற்பவர் வணிகராக இருந்தால், இந்தப் பதிலைச் சட்டம் ஏற்பதில்லை. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெறவும், பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இணைய நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எதிர்த்தரப்பினர் இருக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடர முடியும். தில்லி வணிகர் மீது மூணாறுவாசி வழக்குத் தொடுப்பது எளிதாக இருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். பொருளின் விலை ரூ.5 லட்சத்துக்கு மிகாவிட்டால் கட்டணம் இல்லை.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்ற வாதமும் எழக்கூடும். சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்று கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் தொடர்பான வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. கேமரா வைத்துப் பிழைப்பவருக்கும் அது பொருந்தும். மூணாறு மழையில்தான் பூஞ்சை பிடித்தது என்று விற்றவர் வாதிட்டால், பொருளை ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்து வைத்த காணொளி வாங்கியவருக்குத் துணை நிற்கும்.

ஆனால், சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வணிகமாக அல்லாமல், தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு மின்வணிக விதிகள் பொருந்தாது. அவரிடம் ஏமாந்தவர், 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தைத் துணைக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக எத்தனை பேரால் அது இயலும்? பழைய பொருள்களை விற்போரில் வணிகர் யார், தனிநபர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. தனிநபர் என்ற போர்வையில் வணிகம் செய்வோருக்கு இதுவே வசதியாகிவிடுகிறது.

ஆகவே, விற்பவர் வணிகரா தனிநபரா என்பதை ஒவ்வொரு விளம்பரத்திலும் தெளிவாகக் காட்டுவதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்க்கும்வரை பணத்தை இணைய நிறுவனமே நிறுத்திவைக்கும் முறையும் தேவை.

மொழிப் பிரச்னையும் இருக்கிறது. 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் பகுதித் தமிழர்கள் கேரளத்தில் இருந்துவிட்டனர். மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரியிடமும், நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை முறையிடலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் தமிழிலும் பேச முடிகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஆணையங்களிலும் புகார்களைத் தமிழில் ஏற்கவும், நடைமுறைகளைத் தமிழில் விளக்கவும் கேரள அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

நியாயம் கேட்கும் இடம் வீட்டுக்கு அருகில் வந்திருக்கிறது. அங்கே தன் மொழியில் பேச முடிந்தால்தான் எளியவருக்கு அதனால் பயன் கிடைக்கும்.