இறக்கத்தில் சிதறும் கவனம், ஓய்வில் காட்டும் சலுகை

தரையிறங்க வரும் விமானம் விமானிகள் அறியாமலே உயரம் இழக்க, எந்தக் கருவியும் பெரிதாகப் பழுதாக வேண்டியதில்லை. இருவர் கவனமும் ஒரே சிறு வேலையில் சிக்கினால் போதும். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில் அந்த வேலை, முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியாததை ஆராய்வது. ஆட்டோபைலட் 2,000 அடியை விட்டு நழுவியதையும், எழுந்த எச்சரிக்கை ஒலியையும் எவரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தனர்.

1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூருவில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 605 விமானம் ஓபன் டிசென்ட் மோடில், இன்ஜின்கள் ஐடிலில் இருக்க இறங்கியது. விமானிக்கு வழிகாட்டும் இரு ஃப்ளைட் டைரக்டர்களில் ஒன்று மட்டும் அணைக்கப்பட்டு மற்றது இயங்கியதால், இன்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் ஆட்டோ த்ரஸ்ட், வேகத்தைக் காக்கும் ஸ்பீடு மோடுக்கு மாறவில்லை. 132 நாட் இருக்கவேண்டிய வேகம் 106 வரை சரிந்தது. ரேடியோ ஆல்டிமீட்டர் நானூறு, முந்நூறு, இருநூறு என்று அறிவித்தும் த்ராட்டில் உடனே முன்னே தள்ளப்படவில்லை. விமானம் ஓடுபாதைக்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். நிலைமையின் தீவிரத்தை விமானிகள் உணரத் தவறினர் என்றது நீதிபதி சிவசங்கர் பட் விசாரணை.

10,000 அடிக்குக் கீழே பணிக்கு வேண்டாத பேச்சைத் தடுக்கும் ஸ்டெரைல் காக்பிட் விதி, கவனச் சிதறலுக்குப் பாதி மருந்து. சென்னையிலிருந்து நேர்வழியில் திருச்சிக்கு 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம், ஏறத்தாழ பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட வானத்தில் 10,000 அடியைக் கடக்கும். அங்கிருந்து வேண்டாத பேச்சு நிற்கலாம்; ஆனால் விதியால் களைப்பு தீராது. களைத்த விமானியின் கை பழக்கத்தால் இயங்கும். தானியங்கிகள் எந்த மோடில் இயங்குகின்றன என்று காட்டும் எஃப்எம்ஏ-வை ஓயாமல் படித்துச் சரிபார்க்கும் கண்ணே முதலில் தளரும். 2010 மே 22 அன்று மங்களூரில் அதிகாலை இறங்கி 158 பேரைப் பலிகொண்ட விமானத்தின் கேப்டன், வழியில் வெகுநேரம் உறங்கியிருந்ததை விசாரணை பதிவுசெய்தது.

விமானிகளின் களைப்பைக் குறைக்கவே புதிய பணிநேர விதிகளில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுத் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2-ஆகக் குறைந்தன. 2025 டிசம்பரில் விமானிகள் போதாமல் இண்டிகோவின் விமானங்கள் பெருமளவில் ரத்தானதும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ பின்வாங்கியது. இரவுப் பணி வரம்புகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. வார ஓய்வுக்கு ஈடாக விடுப்பைக் காட்டக் கூடாது என்ற பிரிவையும் திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் இந்தப் புதிய விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியானவை. ஆள் சேர்க்கத் தவறிய நிறுவனத்துக்குச் சலுகை. தூங்க நேரமில்லாத விமானிக்கு அறிவுரை. நாளை ஏதேனும் நேர்ந்தால், ‘விமானிகள் கண்காணிக்கத் தவறினர்’ என்று எழுதப்போகும் புலனாய்வு அமைப்பும், விலக்குக் கடிதத்தில் கையெழுத்திட்ட இயக்குநரகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன.

கவனத்தைச் சுற்றறிக்கையால் வரவழைக்க முடியாது. வணிக நெருக்கடியைக் காட்டி ஓய்வு விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் டிஜிசிஏவிடம் இனி இருக்கக் கூடாது.