ஒரே பதில், மூன்று குறியீடு

"ஸ்கூல் தூரம்ங்க. பொம்பளப் புள்ளைய எப்படித் தனியா அனுப்புறது?"

மகளைப் பத்தாம் வகுப்போடு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கும்போது ஒரு தாய் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் குழுவில் ஒருவர் இதற்குப் ‘போக்குவரத்து’ என்று குறியீடு போடுவார். இன்னொருவர் ‘பாதுகாப்பு’ என்பார். மூன்றாமவர் ‘பெண் என்பதால்’ என்பார். மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆயிரம் படிவங்களைப் பிரித்துக்கொண்டு அவரவர் நியாயப்படி குறியீடு போட்டால், எந்தக் கட்டு யாருடைய மேசைக்குப் போனது என்பதைப் பொறுத்துச் சதவீதம் மாறிவிடும். அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் பஸ் விடுவதா, விடுதி கட்டுவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அதனால் குறியீடு போடுபவர்களுக்கான பயிற்சியை ஆய்வின் உயிர்நாடியாகவே நினைக்கிறேன். பட்டியலைக் கையில் கொடுத்து, "டவுட் வந்தா கேளுங்க" என்று சொல்வது பயிற்சி ஆகாது. டவுட்டே வராமல்தான் மூவரும் மூன்று விதமாகப் போடுகிறார்கள்.

கையேடு முதலில் தயாராக வேண்டும். ஒவ்வொரு குறியீட்டிலும் எது சேரும், எது சேராது, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பதிலை என்ன செய்வது என்று உண்மையான பதில்களையே உதாரணம் காட்டி எழுத வேண்டும். அந்தத் தாயின் பதிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடு போடலாமா என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறகு ஐம்பது பதில்களை எல்லோருக்கும் கொடுத்து, கலந்து பேசாமல் தனித்தனியே போடச் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பத்தில் ஒன்பது பதில் ஒரு குறியீட்டிலும் மீதி ஒன்று இன்னொரு குறியீட்டிலும் விழுகிற கேள்வி என்றால், இருவர் படிவத்தைப் படிக்காமலே அதே விகிதத்தில் குருட்டாம்போக்கில் போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். அங்கே 90 சதவீத ஒற்றுமை என்று மகிழ ஒன்றுமில்லை. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்க ஜேக்கப் கோஹன் 1960-ல் தந்த கப்பா என்ற அளவில், அந்த 90 சதவீதத்தின் மதிப்பு 0.44 மட்டுமே.

தனித்தனியே குறியீடு போட்டு ஒப்பிடும் இந்த ஒழுக்கத்தை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் கடைப்பிடித்தது, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமும் ஆய்வாளர் பிரபாத் ஜாவின் குழுவும் நடத்திய ‘மில்லியன் டெத் ஸ்டடி’. இறந்தவரின் குடும்பம் சொன்னதைக் களப்பணியாளர்கள் உள்ளூர் மொழியிலேயே எழுதி வந்தார்கள். ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்து, மரணக் காரணத்துக்குக் குறியீடு போட்டார்கள். வேறுபட்டால், ஒருவர் முடிவை மற்றவர் பார்த்து மறுபடி யோசித்தார்கள். அப்போதும் சேராதவை மூத்த மருத்துவர் ஒருவரிடம் போயின. 2005-ல் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 45,900 பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீடு இப்படி வந்ததுதான். ஆஸ்பத்திரிக் கணக்கு காட்டியதைவிட அது பல மடங்கு அதிகம். இறந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். வீட்டார் சொன்ன சில வரிகளை இருவர் கவனமாகப் படித்ததால் அந்த மரணங்கள் கணக்கில் ஏறின.

நம் குழுவிலும், கருத்து வேறுபடும் பதில்களைப் பேசும் கூட்டத்தில்தான் பயிற்சியே நடக்கிறது. அங்கே குழுத் தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். கப்பா உயரும், உண்மை உயராது. அந்த ஊர்ப் பேச்சு நன்றாகத் தெரிந்தவர் பெரும்பாலும் குழுவிலேயே இளையவரான களப்பணியாளர். அவர் ஏன் அப்படிப் போட்டார் என்று கேட்டு, முடிவைக் கையேட்டில் தேதியோடு எழுத வேண்டும். விதி மாறினால் ஏற்கெனவே போட்ட படிவங்களையும் திரும்ப எடுத்தாக வேண்டும். வாரங்கள் போகப் போக எல்லோருடைய கையும் கொஞ்சம் விலகும் என்பதால், பழைய பதில்கள் சிலவற்றை நடுநடுவே மறுபடி கொடுத்துச் சரிபார்ப்பதும் அவசியம்.

இதற்கெல்லாம் நாளும் பணமும் ஆகும். ஆய்வுக்கு நிதி தருபவர்கள் அதைத் திட்டச் செலவிலேயே சேர்க்கட்டும். அறிக்கை எழுதுபவர்கள் குறியீட்டுக் கையேட்டையும், குழுவினர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்ற எண்ணையும் பின்னிணைப்பில் அச்சிடட்டும். ஒரு மணி நேரம் வேலையை விட்டுவிட்டு நமக்குப் பதில் சொன்னவருக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.