பெயர் சொல்லும் நிரல்

பத்தி பிரிக்காமல் மூன்று பக்கத்திற்கு எழுதப்பட்ட கட்டுரையை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. கணினி நிரலும் அப்படித்தான். நிரல் சரியாக இயங்கினாலே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். என் கருத்து வேறு. நிரலை இயக்குவது கணினி. ஆனால், அதைப் படித்துத் திருத்துபவர் மனிதர். ஆகவே, நீண்ட நிரலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பெயர் சூட்டுவது நிரல் எழுதுபவரின் கடமையாகும்.

பள்ளி நூலகத்திற்காக மாணவர் குழு ஒன்று நிரல் எழுதியதாக வைத்துக்கொள்வோம். இரவல் பட்டியலைப் படிப்பது, தாமதமான நாள்களை எண்ணுவது, அபராதத்தைக் கணக்கிடுவது, ரசீதை அச்சிடுவது ஆகியவை அதன் வேலைகள். குறிப்பிட்ட வேலைக்கான கட்டளைத் தொகுப்பைச் செயற்கூறு என்பர். இக்குழுவோ நான்கு வேலைகளையும் ஒரே செயற்கூற்றில் 150 வரிகளாக எழுதிவிட்டது. அடுத்த ஆண்டு, பள்ளி விடுமுறை நாள்களுக்கு அபராதம் இல்லை என்று நூலகம் முடிவெடுக்கிறது. நிரலை எழுதியவர்கள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டனர். புதியவர்கள் எந்த வரியைத் திருத்துவார்கள்? தவறு நேர்ந்தால் இழப்பு கணினிக்கு இல்லை. செலுத்த வேண்டாத அபராதத்தைச் செலுத்தும் மாணவருக்குத்தான்.

அதே நிரல் நான்கு செயற்கூறுகளாக இருந்திருந்தால், 'தாமத_நாள்களை_எண்ணு' என்ற பெயரே திருத்த வேண்டிய இடத்தைக் காட்டியிருக்கும். பைத்தான் 3 மொழியில் இவ்வாறு தமிழிலேயே பெயர் சூட்டலாம்.

இச்சிந்தனை புதியதன்று. 1949இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கே துணை நிரல்கள் எழுதித் தொகுக்கப்பட்டன. நிரலின் செயல்பாட்டை மாற்றாமல் அதன் அமைப்பைச் சீராக்கும் முறைகளை, மார்ட்டின் ஃபவுலர் 1999இல் 'ரீஃபேக்டரிங்' என்ற நூலில் விளக்கினார். நீண்ட செயற்கூற்றின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துப் பெயரிடுவது அவற்றுள் ஒன்று.

"பிரித்தால், ஒன்றைப் புரிந்துகொள்ளப் பத்து இடங்களுக்குத் தாவ வேண்டுமே?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்வி. 'பகுதி1', 'பகுதி2' என்று பெயரிட்டால் தாவத்தான் வேண்டும். பெயர் வேலையைத் தெளிவாகச் சொன்னால், உள்ளே பார்க்கும் தேவை பெரும்பாலும் எழாது. எனவே, வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்கக் கூடாது. 'இப்பகுதி என்ன செய்கிறது?' என்று கேட்க வேண்டும். ஒரே வினைச்சொல்லில் விடை கிடைத்தால், அதையே பெயராக்கலாம். 'எண்ணி, கணக்கிட்டு, அச்சிடுகிறது' என்று விடை நீண்டால், மேலும் பிரிக்க வேண்டும். பெயரே கிடைக்காவிட்டால், பிரித்த இடம் சரியில்லை என்று பொருள்.

மாணவர்களே, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். பிரித்தவுடன் நிரலை இயக்கி, முன்பு வந்த விடையே வருகிறதா என்று சரிபாருங்கள். இதற்குச் சற்று நேரமாகும். எனினும், உங்களை அறியாத ஒருவர் நாளை அந்த நிரலைத் திறக்கும்போது, உதவிக்கு அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள். நீங்கள் சூட்டிய பெயர்கள் மட்டுமே இருக்கும்.